ஒரு நோயா, இரு நோயா? - எழுச்சியும் சோர்வும் பெற்ற பெயர்களின் வரலாறு

1854ஆம் ஆண்டு சனவரி மாதம் 31ஆம் நாள் பாரிஸ் நகரத்து மருத்துவக் கழகத்தின் கூட்டமொன்றிலே, ஜூல் பயார்ஜே என்னும் வைத்தியர் எழுந்து ஒரு கட்டுரை படித்தார். சில நோயாளரிடத்தே அடங்காத மன எழுச்சியும் ஆழ்ந்த மனச்சோர்வும் மாறி மாறி வருவதை அவர் எடுத்துக் காட்டினார். இவை தற்செயலாக ஒன்றையொன்று தொடர்ந்து வந்த இரண்டு நோய்களல்ல. ஒரே நோயின் இரண்டு பாதிகளேயாம் என்பது அவர் முடிபு. அந்நோய்க்கு அவர் இட்ட பெயர் ‘இரு வடிவப் பித்து’ என்பதாகும்.

அடுத்த மாதமே அதே கழகத்தில் மற்றொரு வைத்தியர் எழுந்தார். அவர் பெயர் ழான் பியேர் பல்ரே. இந்நோயைத் தாம் முன்னரே கண்டு, 1851ஆம் ஆண்டிலேயே தம் மாணவர்க்கு விரிவுரையாற்றி, அதனை அச்சிலும் வெளியிட்டுவிட்டதாக அவர் உரைத்தார். அவர் கொடுத்த பெயர் ‘வட்டப் பித்து’. வியப்பு யாதெனில், இவ்விருவரும் சால்பேத்ரியேர் என்னும் ஒரே வைத்தியசாலையில் பணிபுரிந்தவர்கள். முதலிற் கண்டவர் யார் என்ற வழக்கு அன்று தீரவில்லை. பல்ரே 1870இலும், பயார்ஜே 1890இலும் காலமாயினர். வழக்கு மட்டும் வரலாற்றில் எஞ்சி நின்றது.

இது வெறும் புகழுக்கான போட்டி என்று தள்ளிவிடுதற்கில்லை. இருவர் கருத்துக்குமிடையே உண்மையான வேறுபாடொன்று இருந்தது. எழுச்சியும் சோர்வும் இணைந்த ஒரு தாக்குதலே நோய் என்றார் பயார்ஜே. பல்ரேயோ, எழுச்சி, சோர்வு, அவற்றிடையே வரும் தெளிவு ஆகிய மூன்றும் சேர்ந்து சுழலும் வட்டமே நோய் என்றார். நோயாளி நலமாய் நடமாடும் நாட்களும் அந்நோயின் வரலாற்றிற் சேர்ந்தவையே என்பது இதன் பொருள். ஆகவே, ஒரு மனிதனை ஒரு நாள் பார்த்து அவன் நோயைக் கூறிவிட இயலாது. அவன் வாழ்நாளின் போக்கையே பார்த்தல் வேண்டும். இக்கருத்தே பின்னர் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக உளமருத்துவத்தை ஆண்டு வந்தது.

இன்று இந்நோய் ‘இருமுனைக் கோளாறு’ எனப்படுகின்றது. மனநிலைக் கோளாறுகள் என்னும் பெருங்குடும்பத்திலே அது ஓர் உறுப்பென்று பலர் அறிவர். ஆயினும் அக்குடும்பத்தின் பிற உறுப்புகளோடு, சிறப்பாக மனச்சோர்வு நோயோடு, அதற்குள்ள உறவு யாது என்னும் வினா எளிதில் விடைபெற்றதன்று. ஒரே நோய் என்று ஒரு காலம் சொல்லிற்று; இரண்டு என்று மற்றொரு காலம் சொல்லிற்று; இன்றும் இரண்டு பெரு நூல்கள் இரு வகையாகச் சொல்லுகின்றன. பெயரில் என்ன இருக்கிறது என்று எண்ணுவோர் இவ்வரலாற்றை முழுவதும் கேட்டபின் அவ்வாறு எண்ணமாட்டார்கள்.

கதை கிரேக்க நாட்டிலே தொடங்குகின்றது. கிறிஸ்துவுக்கு முன் ஐந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஹிப்போக்கிரட்டீசும் அவர் வழிவந்தோரும் உடலை நான்கு நீர்மங்கள் நடத்துகின்றன என்று கருதினர். குருதி, கோழை, மஞ்சட் பித்தம், கரும் பித்தம் என்பன அவை. கரும் பித்தம் மிகுந்தால் அச்சமும் துயரமும் நீங்காது நிலைக்கும் என்பது அவர் கொள்கை. ‘மெலங்கோலியா’ என்னும் சொல்லுக்குக் கரும் பித்தம் என்பதே பொருள். தமிழ் மக்களும் மனங்கலங்கியவனைப் பித்தன் என்றே அழைத்து வந்துள்ளனர். பித்து என்ற சொல் பித்தம் என்ற சொல்லோடு உறவுடையது. ஈரலிற் சுரக்கும் ஒரு நீரின்மேல் மனத்தின் துன்பத்தை ஏற்றிச் சொல்லும் வழக்கம் இரு மொழிகளிலும் படிந்திருத்தல் நோக்கத்தக்கது. அக்கொள்கை பிழையாயினும், அதனுள்ளே ஒரு நன்மை இருந்தது. மனநோய் தெய்வத்தின் சினத்தால் வருவதன்று, உடலின் காரியத்தால் வருவது என்று அது கற்பித்தது.

கப்படோக்கியா நாட்டைச் சேர்ந்த அரிற்றேயஸ் என்னும் வைத்தியர் கிறிஸ்து ஊழியின் முதலிரு நூற்றாண்டுகளில் வாழ்ந்தவராகக் கருதப்படுகிறார். மெலங்கோலியாவும், மேனியா எனப்பட்ட வெறியெழுச்சியும் ஒரே மனிதனிடம் தோன்றுவதை அவர் தெளிவாக எழுதி வைத்தார். மெலங்கோலியா மேனியாவின் தொடக்கமும் ஒரு கூறுமாகும் என்பது அவர் கருத்து. எழுச்சியுற்ற சிலர் இரவும் பகலும் சிரித்து ஆடுவர். போட்டியொன்றில் வென்றவர் போல முடி சூடிக்கொண்டு சந்தைக்குச் செல்வர் என்று அவர் வருணித்திருக்கிறார். இன்று மனநோய் விடுதியில் பணிபுரியும் தாதி ஒருவர் அவ்வருணனையைப் படித்தால், தாம் கண்ட நோயாளியையே அதிற் காண்பார்.

ஆயினும் அக்காலத்து மேனியா, மெலங்கோலியா என்னும் சொற்கள் இன்றைய பொருளிற் குறுகியவையல்ல. காய்ச்சலின்றி வரும் வெறி யாவும் மேனியா. அமைதியாய் ஓரிடத்திருந்து தவறான எண்ணமொன்றைப் பற்றிக்கொண்ட நிலை யாவும் மெலங்கோலியா. இவ்வகன்ற பொருளிலேயே அச்சொற்கள் பதினெட்டாம் நூற்றாண்டுவரை வழங்கின. அரிற்றேயஸ் கண்ட உறவை மெய்ப்பிக்கவோ மறுக்கவோ அந்நாள் வைத்தியர்க்கு வழியில்லை. நோயாளியை ஆண்டுக்கணக்காகத் தொடர்ந்து பார்க்கும் வாய்ப்பு அவர்களுக்கு இருந்ததில்லை.

அந்த வாய்ப்பைக் கொடுத்தது பெரிய மனநோய் வைத்தியசாலை. 1838ஆம் ஆண்டு பிரான்சிலே இயற்றப்பட்ட சட்டம் ஒவ்வொரு மாவட்டமும் மனநோயாளருக்கு இடமளித்தல் வேண்டுமென்று விதித்தது. சால்பேத்ரியேர் போன்ற இடங்களில் நோயாளர் பல ஆண்டுகள் தங்கினர்; வைத்தியரும் பல ஆண்டுகள் தங்கினர். இவ்வாண்டு பாடிக்கொண்டிருந்த பெண் அடுத்த ஆண்டு சுவரைப் பார்த்து மௌனமாயிருப்பதையும், பின்னர் தெளிந்து தையல் வேலை செய்வதையும் ஒரே கண் கண்டது. பல்ரேயின் வட்டம் அவ்வாறு கண்ட கண்ணிலே தோன்றிய வட்டமாகும்.

இதே காலத்தில் ஜேர்மனியிலே வேறொரு கருத்து ஓங்கி நின்றது. வில்லெல்ம் கிரீசிங்கர் 1845இல் வெளியிட்ட பாடநூல், மனநோய் அடிப்படையில் ஒன்றே. சோர்வு, எழுச்சி, அறிவுக்குலைவு என்பன அதன் படிகள் என்னும் எண்ணத்துக்கு வலுவூட்டிற்று. எல்லாம் ஒன்றாயின் பெயர் பிரிப்பதிற் பயனில்லை. இதனை ஏற்காத கார்ல் கால்பௌம், நோயின் தொடக்கம், போக்கு, முடிவு ஆகிய மூன்றையும் கொண்டே நோய்களை வேறு பிரித்தல் வேண்டும் என்று வாதித்தார். மிதமாய் ஏறி இறங்கும் மனநிலைக்கு 1882இல் அவர் கொடுத்த ‘சைக்கிளோதைமியா’ என்னும் பெயர் இன்றும் வழக்கிலுள்ளது.

கால்பௌம் சொன்னதைப் பெருமளவிற் செய்து முடித்தவர் எமில் கிரெப்பலீன். 1856இல் பிறந்த இவர், முப்பது வயதில் டோர்பட் பல்கலைக்கழகத்திற் பேராசிரியரானார். அங்கிருந்த நோயாளர் பலர் எஸ்தோனிய மொழி பேசுவோர். அம்மொழி அவருக்குத் தெரியாது. நோயாளி சொல்லும் சொல்லைவிட, நோய் போகும் போக்கிலே அவர் கருத்தூன்றியதற்கு இதுவும் ஒரு காரணமாயிருக்கலாம் என்று கருதுவோர் உளர். 1891இல் ஹைடல்பேர்க் நகருக்கு வந்தபின், ஒவ்வொரு நோயாளிக்கும் ஓர் அட்டை வகுத்து, நோயின் அறிகுறிகளையும், பின்னாளில் அவர் நிலை யாதாயிற்று என்பதையும் அதிற் குறித்தார். அட்டைகள் ஆயிரக்கணக்கிற் பெருகின. அவற்றை மீண்டும் மீண்டும் அடுக்கியும் கலைத்தும் பார்த்தே அவர் தம் முடிவுக்கு வந்தார்.

1899ஆம் ஆண்டில் வெளிவந்த அவர் பாடநூலின் ஆறாம் பதிப்பில் அம்முடிவு காணப்படுகின்றது. பெரிய மனநோய்களை அவர் இரண்டாகப் பகுத்தார். ஒரு புறம், இளமையில் தோன்றி அறிவையும் உணர்வையும் படிப்படியாகத் தேய்க்கும் நோய். பின்னாளில் ஒயிகன் புளொய்லர் அதனை ‘சிஸோபிரேனியா’ என்று பெயரிட்டார். தமிழில் மனச்சிதைவு என்கிறோம். மறு புறம், வந்து வந்து போவதும், போனபின் மனிதனைப் பெரும்பாலும் பழைய நிலையிலே விட்டுச் செல்வதுமாகிய நோய். இதற்கே ‘எழுச்சிச் சோர்வுப் பித்து’ என்று அவர் பெயர் சூட்டினார்.

இப்பெயரின் அகலத்தை நன்கு கவனித்தல் வேண்டும். எழுச்சியும் சோர்வும் மாறி வருவோர் மட்டுமல்லர். எழுச்சி மட்டும் வருவோர், சோர்வு மட்டும் திரும்பத் திரும்ப வருவோர், பிறவியிலேயே மிகுந்த உற்சாகமோ மிகுந்த வாட்டமோ உடைய இயல்பினர் ஆகிய யாவரும் இவ்வொரு கூரையின் கீழ் வந்தனர். எழுச்சியின் வேகமும் சோர்வின் துயரும் ஒரே வேளையிற் கலந்து தோன்றும் ‘கலப்பு நிலை’களை அவரும் அவர் மாணவர் வைகாண்டும் விரித்துரைத்தனர். இரண்டும் ஒரே நேரத்தில் கலக்கக்கூடுமாயின், அவை எதிரெதிரான இரண்டு நோய்களாதல் எங்ஙனம் என்பதே கிரெப்பலீனின் வாதத்துக்கு உயிர்நிலை.

தம் பகுப்பு ஐரோப்பியர்க்கு மட்டும் பொருந்துமோ என்று ஆராய, 1904இல் அவர் யாவா தீவுக்குச் சென்று அங்குள்ள மனநோய் வைத்தியசாலையில் நோயாளரைப் பார்த்தார். இரு பெரு நோய்களையும் அங்கே கண்டார். ஆயினும் சோர்வு அத்துணைக் கடுமையாயில்லை என்றும், ஐரோப்பிய நோயாளரிடம் பெரிதும் காணப்படும் ‘பாவம் செய்துவிட்டேன்’ என்னும் எண்ணம் அங்கே இல்லை என்றும் எழுதினார். நோய் ஒன்றாயினும், அது உடுத்தும் ஆடை நாட்டுக்கு நாடு வேறுபடும் என்பதற்கு இது பழைய சான்று. முதுமைக் காலத்தில், 1920இல், தாம் வகுத்த இரு பெரும் பிரிவுகளையும் எல்லா நோயாளரிடத்தும் தெளிவாகப் பிரிக்க இயலவில்லை என்று அவரே ஒப்புக்கொண்டார். தம் மதிலில் விரிசலைத் தாமே காட்டிய நேர்மை அவருக்கு இருந்தது.

ஆனால் அவர் மரபிலேயே இருள் சூழ்ந்த பகுதியொன்றும் உண்டு. மனநோய் பரம்பரையில் இறங்குவது என்ற எண்ணம், இனத்தைத் தூய்மைப்படுத்தல் வேண்டும் என்ற கொள்கையோடு சேர்ந்தது. கிரெப்பலீன் மியூனிக் நகரில் நிறுவிய ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய ஏர்ன்ஸ்ட் ரூடின் அக்கொள்கையின் தலைவருள் ஒருவர். 1933ஆம் ஆண்டு யூலை 14ஆம் நாள் ஹிட்லரின் அரசு பிறப்பித்த சட்டம், பரம்பரை நோயுடையோரை வலிந்து மலடாக்குவதற்கு அதிகாரம் கொடுத்தது. அச்சட்டம் பெயர் குறித்த நோய்களில் ஒன்று ‘வட்டப் பித்து’. பல்ரே நோயாளரை அறிந்துகொள்வதற்காகப் படைத்த பெயர், அவர்களைத் தண்டிப்பதற்கான குற்றப் பெயராயிற்று. அச்சட்டத்தின் கீழ் ஏறத்தாழ 4 இலட்சம் மக்கள், பற்பல நோய்ப் பெயர்களால், மலடாக்கப்பட்டனர். 1939இல் தொடங்கிய கொலைத் திட்டத்தில் மனநோயாளரும் ஊனமுற்றோருமாகிய பல்லாயிரம் பேர் உயிரிழந்தனர். ஒரு நோயின் பெயர் அதைத் தாங்கும் மனிதனுக்கு என்ன செய்யக்கூடும் என்பதை இவ்வரலாறு மறவாதிருக்கச் செய்கின்றது.

போர் முடிந்தபின், கிரெப்பலீனின் பெருங்கூரை ஜேர்மனியிலேயே பிரிக்கப்பட்டது. 1957இல் கார்ல் லியோன்ஹார்ட் வெளியிட்ட நூல், தம் ஆசிரியர் கிளைஸ்ட் காட்டிய வழியிலே, மனநிலை நோய்களை இரண்டாக வகுத்தது. எழுச்சி, சோர்வு என்னும் இரு முனைகளையும் தொடுவது ஒன்று. ஒரே முனையில் நிற்பது மற்றொன்று. ‘இருமுனை’, ‘ஒருமுனை’ என்னும் சொற்கள் உளமருத்துவத்தில் வேரூன்றியது இதன் பின்னரே.

ஒரு மனிதரின் பகுப்பு நோயாளரின் குடும்பங்களைக் கொண்டு சோதிக்கப்பட்டது. 1966ஆம் ஆண்டில், சுவிற்சர்லாந்தின் சூரிச் நகரிலே ஜூல்ஸ் ஆங்ஸ்ட் என்பவரும், சுவீடனிலே கார்லோ பெரிஸ் என்பவரும், தனித்தனியே தம் ஆய்வுகளை வெளியிட்டனர். இருமுனை நோயாளரின் உறவினரிடையே எழுச்சி நோய் கூடுதலாகக் காணப்பட்டது. சோர்வு மட்டும் உடையோரின் உறவினரிடையே அவ்வாறு காணப்படவில்லை. சோர்வு நோய் பெண்களைக் கூடுதலாகத் தாக்கிற்று. இருமுனை நோய் ஆண், பெண் இருபாலாரையும் ஏறத்தாழ ஒப்பத் தாக்கிற்று. 1969இல் அமெரிக்காவில் வினோக்கரும் அவர் துணைவரும் எழுதிய நூலும் இதே பிரிவை வற்புறுத்திற்று. மூன்று நாடுகளிலிருந்து எழுந்த சான்று ஒருமுகமாக இருந்தமையால், இரண்டு நோய் என்ற கட்சி வலுப்பெற்றது.

இக்காலத்திலேயே மருந்தும் வந்து சேர்ந்தது. அதன் கதை அவுஸ்திரேலியாவிலே தொடங்குகின்றது. யோன் கேட் என்னும் வைத்தியர் இரண்டாம் உலகப் போரில் யப்பானியரிடம் சிறைப்பட்டு, சிங்கப்பூரின் சாங்கி முகாமில் மூன்றரை ஆண்டுகளைக் கழித்தவர். விடுதலை பெற்றபின் மெல்போர்னை அடுத்த பண்டூரா வைத்தியசாலையிற் பணிபுரிந்தார். எழுச்சி நோயாளரின் உடலில் ஏதோ நஞ்சு மிகுகின்றது என்பது அவர் ஐயம். அதனைச் சோதிக்க யூரிக் அமிலத்தைக் கினிப்பன்றிகளுக்கு ஊசி மூலம் செலுத்த விரும்பினார். அவ்வமிலம் எளிதிற் கரையாது. லிதியத்தோடு சேர்ந்த உப்பு நன்கு கரையும். ஆகவே லிதிய உப்பைப் பயன்படுத்தினார். எதிர்பாராத வகையில் விலங்குகள் அமைதியுற்றன.

1948ஆம் ஆண்டு மார்ச் மாதம், ஐந்து ஆண்டுகளாக ஓயாத எழுச்சியில் இருந்த 51 வயது நோயாளி ஒருவருக்கு லிதியம் கொடுக்கப்பட்டது. சில வாரங்களில் அவர் தெளிந்தார். சில மாதங்களில் வீடு சென்று பழைய தொழிலிலே சேர்ந்தார். பின்னர் மருந்தை நிறுத்தினார், நோய் திரும்பிற்று. 1949 செப்டெம்பரில் கேட் வெளியிட்ட கட்டுரையில் பத்து எழுச்சி நோயாளரின் வரலாறு இருந்தது. எழுச்சி நோயாளர் யாவரும் தேறினர். மனச்சிதைவு நோயாளர் அறுவரிடம் நோயின் அடிப்படை மாறவில்லை. ஆனால் லிதியம் அளவு மீறினால் நஞ்சு. அந்த முதல் நோயாளியே 1950இல் அந்நஞ்சினால் இறந்தார். அமெரிக்காவிலே கறியுப்புக்குப் பதிலாக லிதிய உப்பை உண்டோர் சிலரும் இறந்தமையால், அங்கே அதன் பெயரைக் கேட்கவே வைத்தியர் அஞ்சினர்.

அவ்வச்சத்தைப் போக்கியவர் டென்மார்க்கைச் சேர்ந்த மொகென்ஸ் ஸ்கௌ. இரத்தத்தில் லிதியத்தின் அளவைப் பார்த்து மருந்தை அளந்து கொடுக்கும் முறையை ஊன்றச் செய்வதில் அவர் பெரும் பங்கு கொண்டார். 1954இல் முறையான பரிசோதனையொன்றின் பயனை அவரும் துணைவரும் வெளியிட்டனர். பின்னர், லிதியம் எழுச்சியைத் தணிப்பதோடு நிற்காமல் மீண்டும் நோய் வராதபடி காக்கின்றது என்று பாஸ்ட்ரப் என்பவரோடு சேர்ந்து அவர் கூறியபோது, அது வெறுங்கதை என்று இலண்டன் அறிஞர் இருவர் மறுத்தனர். 1970இல் வெளிவந்த சோதனை விடை பகர்ந்தது. நெடுங்காலம் லிதியம் உட்கொண்டு வந்த 84 நோயாளரில் 45 பேர்க்கு அது தொடர்ந்து கொடுக்கப்பட்டது. 39 பேர்க்குப் போலி மாத்திரை கொடுக்கப்பட்டது. ஐந்து மாதங்களில் போலி மாத்திரை உண்டோரில் 21 பேர்க்கு நோய் திரும்பிற்று. லிதியம் உண்டோரில் ஒருவர்க்கும் திரும்பவில்லை. அதே 1970இல் அமெரிக்க அரசும் எழுச்சி நோய்க்கு லிதியத்தை ஏற்றுக்கொண்டது.

இச்சோதனையில் ஒரு நுட்பம் உண்டு. அதிற் பங்கு கொண்டோரிற் சிலர் இருமுனை நோயாளர். சிலர் திரும்பத் திரும்பச் சோர்வு மட்டும் உற்றவர்கள். இரு சாராரையும் லிதியம் காத்தது. குடும்ப ஆய்வு பிரித்து வைத்ததை மருந்து மீண்டும் சேர்த்து வைப்பதுபோல் இருந்தது. மறு புறம், சுவிற்சர்லாந்திலே றோலண்ட் கூன் 1957இல் அறிவித்த இமிப்பிரமின் என்னும் சோர்வு நீக்கும் மருந்து சில நோயாளரை எழுச்சிக்குத் தள்ளிவிடுவதும் காணப்பட்டது. ஆகவே, எதிரே அமர்ந்திருக்கும் சோர்வுற்ற மனிதர் எவ்வகையினர் என்று அறிவது இப்பொழுது ஏட்டறிவாக மட்டும் நில்லாமல் உயிர்க் காரியமாகவும் ஆயிற்று.

அந்த அறிவு எத்துணைத் தளர்ந்த அடித்தளத்தில் நின்றது என்பதை வேறொரு ஆராய்ச்சி காட்டிற்று. அமெரிக்க வைத்தியசாலைகளில் மனச்சிதைவு மிகுதியாகவும், பிரித்தானிய வைத்தியசாலைகளில் எழுச்சிச் சோர்வு நோய் மிகுதியாகவும் பதிவாகி வந்தன. அத்திலாந்திக் கடலைக் கடந்தால் நோய் மாறுமோ? நியூயோர்க்கிலும் இலண்டனிலும் புதிதாக அனுமதிக்கப்பட்ட நோயாளரை ஒரே குழுவினர் ஒரே வகை வினாக்களால் ஆராய்ந்தனர். அவ்வாறு ஆராய்ந்தபோது, வேறுபாட்டிற் பெரும்பகுதி மறைந்துவிட்டது. 1972இல் வெளிவந்த அவ்வறிக்கை உணர்த்தியது இதுவே: நோயாளர் வேறுபடவில்லை, வைத்தியரின் வழக்கமே வேறுபட்டது. லிதியத்தால் குணமடையக்கூடியவர் பலர், வேறு பெயர் பெற்றதனால் அதனைப் பெறாதிருந்திருக்கலாம் என்ற எண்ணம் பலரை உறுத்திற்று.

இவ்வுறுத்தலும் சேர்ந்து பிறப்பித்ததே வரையறை நூல்களின் புதிய காலம். அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் கைந்நூல் 1952இல் முதன்முறை வந்தபோது ‘எழுச்சிச் சோர்வு எதிர்வினை’ என்றது. வாழ்க்கை நிகழ்ச்சிகளுக்கு மனம் காட்டும் எதிர்வினையே நோய் என்னும் அடொல்ப் மேயரின் கருத்தின் சாயல் அது. 1968இல் ‘எழுச்சிச் சோர்வு நோய்’ என்றது. 1980இல் வந்த மூன்றாம் பதிப்போ பழைய பெயரை விட்டு, ‘இருமுனைக் கோளாறு’ என்றும் ‘பெருஞ்சோர்வு’ என்றும் இரண்டாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எண்ணிப் பார்க்கத்தக்க அறிகுறிகளை விதித்தது. 1987ஆம் ஆண்டுத் திருத்தம் இவ்விரண்டையும் அடக்கிய குடும்பத்துக்கு ‘மனநிலைக் கோளாறுகள்’ என்று பெயரிட்டது. லியோன்ஹார்டின் பிரிவும் கிரெப்பலீனின் கூரையும் இவ்வாறு ஒருவகைச் சமரசம் கண்டன: வீடு ஒன்று, அறைகள் இரண்டு.

இவ்வறைகளின் எல்லையை நேயர்கள் தெளிவாக அறிதல் நன்று. மனநிலைக் கோளாறு என்பது குடும்பப் பெயர். இருமுனைக் கோளாறு அதில் ஒரு கிளை. இரு வாரங்களுக்குக் குறையாது நீடிக்கும் ஆழ்ந்த சோர்வு இரு கிளைகளிலும் வரலாம்; அதனைக்கொண்டு மட்டும் கிளையை அறிய இயலாது. பிரித்துக் காட்டுவது எழுச்சியே. ஒரு வாரம் நீடித்து, உறக்கத்தின் தேவையைக் குறைத்து, பேச்சையும் செலவையும் செயலையும் கட்டுக்கடங்காமற் பெருக்கி வாழ்வைக் குலைக்கும் பேரெழுச்சி ஒரே முறை வந்திருப்பினும், அது முதலாம் வகை இருமுனைக் கோளாறு எனப்படும். வாழ்வைக் குலைக்காத சிற்றெழுச்சி நான்கு நாட்களாவது நீடித்து, அதனோடு ஆழ்ந்த சோர்வும் வந்திருப்பின் அது இரண்டாம் வகை. அமெரிக்காவிலே டனர், கேர்ஷொன், குட்வின் ஆகியோர் 1970களில் பிரித்துக் காட்டிய இவ்விரண்டாம் வகையை 1994ஆம் ஆண்டுப் பதிப்பு ஏற்றுக்கொண்டது. இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக மிதமாய் ஏறி இறங்கும் நிலையே கால்பௌம் பெயரிட்ட சைக்கிளோதைமியா.

எல்லை ஏட்டில் தெளிவாயிருக்கின்றது; வாழ்விலோ அத்துணைத் தெளிவில்லை. சிற்றெழுச்சி வந்த மனிதன் தன்னை நோயாளியென்று எண்ணுவதில்லை. அந்நாட்களில் அவன் சுறுசுறுப்பானவன், அயலவர் மெச்சும் கெட்டிக்காரன். சோர்வு வந்து வீழ்த்தியபோதே வைத்தியரை நாடுகிறான். வைத்தியர் காண்பது சோர்வை. எழுதுவதும் சோர்வு என்றே. அமெரிக்காவில் இருமுனை நோயாளர் சங்கமொன்று 2000ஆம் ஆண்டில் நடத்திய விசாரணையில், பத்தில் ஏறத்தாழ ஏழு பேர் முதலில் வேறு நோய்ப் பெயர் பெற்றிருந்தனர். அவற்றுள் மிகுதியாக வந்தது ஒருமுனைச் சோர்வு என்ற பெயரே. மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் சரியான பெயரைப் பெறப் பத்தாண்டோ அதற்கு மேலோ காத்திருந்தனர். அந்நாளில் வைத்தியர், ‘இதற்கு முன் உறக்கமின்றியும் களைப்பின்றியும் உற்சாகமாய்த் திரிந்த நாட்கள் உண்டா?’ என்று ஒரு வினா வினவியிருப்பின், அருகிலிருந்த மனைவியோ தாயோ விடை கூறியிருத்தல் கூடும். வாழ்நாளின் போக்கைப் பார்க்க வேண்டும் என்ற பல்ரேயின் அறிவுரை இங்கே மீண்டும் உயிர்பெறுகின்றது.

2013இல் வெளிவந்த அமெரிக்கக் கைந்நூலின் ஐந்தாம் பதிப்பு ஒரு துணிந்த மாற்றத்தைச் செய்தது. மனநிலைக் கோளாறுகள் என்னும் பொது அதிகாரத்தையே எடுத்துவிட்டு, இருமுனைக் கோளாறுகளைத் தனி அதிகாரமாக்கி, மனச்சிதைவுக்கும் மனச்சோர்வுக்கும் நடுவே ஒரு பாலம்போல் அமைத்தது. உலக சுகாதார நிறுவனத்தின் பதினோராம் வகைப்பாடோ, 2022 சனவரி முதலாம் நாள் நடைமுறைக்கு வந்தபோது, இருமுனைக் கோளாறுகளையும் சோர்வுக் கோளாறுகளையும் மனநிலைக் கோளாறுகள் என்ற ஒரே தொகுதியிலேயே வைத்தது. ஒரு நூலிலே அயல்வீட்டார். மற்றதிலே ஒரு வீட்டார்.

பரம்பரை அலகுகளின் ஆராய்ச்சி இதற்கு ஒரு விளக்கம் தர முயல்கின்றது. மனச்சிதைவுக்கும் இருமுனைக் கோளாறுக்கும் பொதுவான பரம்பரைக் கூறுகள் பல உள்ளன என்று 2009இல் ஒரு பன்னாட்டு ஆய்வு காட்டிற்று. 2019இல் வெளிவந்த பெரிய ஆய்வொன்று, முதலாம் வகை இருமுனைக் கோளாறு மனச்சிதைவுக்கு நெருங்கியும், இரண்டாம் வகை மனச்சோர்வுக்கு நெருங்கியும் நிற்பதைக் கண்டது. இவற்றை நோக்குமிடத்து, இயற்கை இங்கே மதில் எழுப்பவில்லை. சரிவான நிலமொன்றையே அமைத்திருக்கின்றது எனலாம். கிரெப்பலீன் 1920இற் கண்ட விரிசல் கைத்தவறன்று. நிலத்தின் இயல்பே அது.

அங்ஙனமாயின் பெயர்களால் பயனில்லையோ? உண்டு. சரிவான நிலத்திலும் வழிப்போக்கனுக்கு மைல்கல் வேண்டும். சோர்வு நீக்கும் மருந்தைத் தனியே கொடுக்கலாமா, மனநிலையைச் சமப்படுத்தும் மருந்தை முன்னர் கொடுக்க வேண்டுமா என்று முடிவு செய்ய வைத்தியர்க்குப் பெயர் வேண்டும். தனக்கு நேர்ந்தது ஒழுக்கக் குறையன்று, பலர்க்கும் நேர்ந்து, பலர் மீண்டு வந்த ஒரு நோயே என்று அறிய நோயாளிக்கும் பெயர் வேண்டும். ஆனால் மைல்கல்லை ஊரென்று மயங்கலாகாது. பாரிஸ் வைத்தியசாலையில் அன்று பாடியும் மௌனமாயும் பின்னர் தெளிந்து தையல் வேலை செய்தும் வாழ்ந்த பெண்ணுக்கு, அவள் நோய் இரு வடிவமா, வட்டமா என்ற வழக்கு ஒருபோதும் எட்டியிராது. அவள் தெளிந்திருந்த நாட்களையும் அவள் வரலாற்றிலே சேர்த்து எண்ணினார் பல்ரே. எந்தப் பெயர் மாறினும், அந்த நாட்களைக் கூடுதலாக்குவதே அப்பெயர்களின் நோக்கமாதல் வேண்டும்.